கூட்டாளி கையாடிய பணம்: காவல் நிலையமா, கணக்கு வழக்கா?

மார்ச் மாதம் முடியும் தறுவாயில் திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் சிவகாசியின் அச்சகங்களும் கோவையின் பவுண்டரிகளும் ஆண்டுக் கணக்கை முடிக்கும் வேலையில் இறங்க, ஆடிட்டர் அலுவலக மேசைகளில் பில் கட்டுகளும் வங்கி அறிக்கைகளும் சரக்கு இருப்புப் பட்டியல்களும் குவிந்துகிடக்கின்றன. பங்குதாரர் ஒவ்வொருவர் பெயரிலும் உள்ள ‘டிராயிங்ஸ்’ கணக்கு, அதாவது நிறுவனத்திலிருந்து அவர் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்ட தொகைகளின் கணக்கு, சரிபார்க்கப்படுவதும் அந்த நாட்களில்தான். ஆண்டு முழுவதும் கம்பெனிப் பக்கம் வராமல், முதலை மட்டும் போட்டுவிட்டு நம்பியிருந்த பங்குதாரர், செக்கில் கையெழுத்திடும் உரிமை பெற்ற ‘வொர்க்கிங் பார்ட்னர்’ எடுத்த தொகை தன் மொத்த முதலீட்டையும் தாண்டியிருப்பதை அந்தப் பக்கத்தில்தான் முதன்முறையாகக் காண்கிறார். விற்ற சரக்குக்குப் பில் இல்லாமல் வாங்கிய ரொக்கம், இல்லாத தொழிலாளர் பெயரில் போட்ட கூலி, உறவினர் பெயரில் புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்குத் திருப்பிவிடப்பட்ட ஆர்டர்கள் ஆகியவை அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளிவருகின்றன.

அந்த நேரத்தில் பெரும்பாலோர் எடுக்கும் முதல் முடிவு காவல் நிலையத்துக்குப் புகார் எழுதிச் செல்வது. ‘என் பணத்தைத் திருடிவிட்டான்’ என்ற கோபம் நியாயமானது என்றாலும், கூட்டு வணிகத்தில் அந்தப் பணம் யாருடையது என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் தரும் விடை அந்தக் கோபத்துக்குப் பொருந்திவருவதில்லை. புகாரின் பின்னால் அலைந்து ஓராண்டையோ ஈராண்டையோ இழந்து, கணக்கு வழக்குத் தொடுக்க வேண்டிய காலத்தைக் கோட்டைவிட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

உண்மையான கணக்கு ஒரு சட்டக் கடமை

கூட்டு வணிகத்தை ஆளும் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பங்குதாரர்கள் நிறுவனத்தின் பொது நன்மைக்காகத் தொழில் நடத்த வேண்டும், ஒருவருக்கொருவர் நேர்மையாகவும் விசுவாசமாகவும் நடந்துகொள்ள வேண்டும், உண்மையான கணக்கையும் முழுத் தகவலையும் தர வேண்டும் என்று அதன் 9ஆம் பிரிவு விதிக்கிறது. மோசடியால் விளைந்த நட்டத்தை அதைச் செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்கிறது 10ஆம் பிரிவு. பங்குதாரர் எவரும் நிறுவனத்தின் கணக்கு ஏடுகளைப் பார்வையிடவும் நகலெடுக்கவும் 12ஆம் பிரிவு உரிமை தருகிறது. நிறுவனத்தின் சொத்தையோ பெயரையோ வணிகத் தொடர்பையோ பயன்படுத்தித் தனக்கென ஈட்டிய இலாபத்தைக் கணக்குக் காட்டி நிறுவனத்திடமே ஒப்படைக்க வேண்டும் என்பது 16ஆம் பிரிவு. மனைவி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ போட்டிக் கம்பெனி நடத்தி ஆர்டர்களைத் திருப்பியவருக்கு எதிராக நிற்பது இந்தக் கடைசிப் பிரிவே.

சட்டம் வருவதற்கு முன்பே தமிழ் வணிகர்கள் இந்த ஒழுங்கை அறிந்திருந்தார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், தம் ஏஜெண்டுகளைப் பொதுவாக மூன்று ஆண்டுத் தவணைக்கு அனுப்பி, பேரேடும் ஐந்தொகையும் செட்டிநாட்டுக்கு முறையாக வந்து சேரும் ஏற்பாட்டை வைத்திருந்தனர். கடல் கடந்து பணத்தை நம்பி ஒப்படைத்தவர்கள் கணக்குக் கேட்பதை அவமதிப்பாக எண்ணவில்லை. இன்று ஒரே தெருவில் உட்கார்ந்து தொழில் நடத்தும் நண்பர்களும் உறவினர்களும் கணக்குக் கேட்பதைச் சந்தேகப்படுவதாக எண்ணித் தயங்குவதே கையாடலுக்குக் கிடைக்கும் முதல் இடைவெளியாக உள்ளது.

தன் பணத்தைத் தானே திருட முடியுமா?

கூட்டு நிறுவனம் என்பது, கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான நிறுவனத்தைப் போலத் தனிச் சட்ட நபர் அன்று; பங்குதாரர்கள் அனைவரையும் சேர்த்து அழைக்கும் பெயரே அது. ஆகவே அதன் பணத்திலும் சரக்கிலும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் பிரித்துக் காட்ட முடியாத உரிமை உண்டு, கணக்கு முடியும்வரை இந்த ரூபாய் இன்னாருடையது என்று சொல்ல இயலாது. நம்பிக்கை மோசடிக் குற்றம் நிலைநாட்டப்பட வேண்டுமானால், ஒருவர் தம் சொத்தை மற்றொருவரிடம் நம்பி ஒப்படைத்திருக்க வேண்டும். தனக்கும் உரிமையுள்ள சொத்தைப் பங்குதாரர் கையாளும்போது அந்த ஒப்படைப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது.

வேல்ஜி ராகவ்ஜி படேல் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிக்கும், 1965ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளிவந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. நிறுவனத்துக்கு வர வேண்டிய தொகைகளை வசூலித்த பங்குதாரர் ஒருவரைக் கீழ் நீதிமன்றங்கள் தண்டித்திருக்க, பங்குதாரர் கூட்டுச் சொத்தைத் தம் பயனுக்கு எடுத்தால் மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு அவருக்கு உண்டே தவிர, அதனாலேயே அவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார் என்று கூறி அந்தத் தண்டனையை நீதிமன்றம் நீக்கியது. இதற்கு விலக்கு ஒன்றும் உண்டு. இந்தத் தொகையை இன்ன காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பங்குதாரர்களுக்கிடையே தனி ஒப்பந்தத்தின் மூலம் ஒரு பணம் ஒப்படைக்கப்பட்டிருந்தால், அதை மீறியவர்மீது குற்ற வழக்கு நிற்கலாம் என்பதைப் பின்னர் வந்த தீர்ப்புகளும் ஏற்றுள்ளன. கடன் தவணை கட்டுவதற்கென்றே எழுத்தில் கொடுத்த தொகையும், இயந்திரம் வாங்க மட்டுமே என்று கையெழுத்திட்டு ஒதுக்கிய தொகையும் இந்த வகையில் அடங்கும்.

ஏமாற்றுதல் என்ற குற்றம் வேறு. அதற்குத் தொடக்கத்திலிருந்தே, அதாவது பணத்தை வாங்கும்போதே, வஞ்சக எண்ணம் இருந்திருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு தொடங்கிய தொழிலில் நான்காம் ஆண்டு மனம் மாறிக் கையாடியவர் இந்தக் குற்றத்துக்குள் எளிதில் வரமாட்டார். ஒரே நிகழ்வுக்கு ஏமாற்றுதலையும் நம்பிக்கை மோசடியையும் ஒருசேரச் சுமத்துவது தர்க்கத்துக்குப் பொருந்தாது என்று 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. நிறுவனத்துக்கும் இந்தியன் ஆயிலுக்கும் இடையிலான வழக்கில், 2006ஆம் ஆண்டிலேயே, உரிமையியல் பூசல்களைக் குற்ற வழக்காக மாற்றி எதிரியை நெருக்கும் போக்கு வளர்வதை நீதிமன்றம் கவலையுடன் குறிப்பிட்டிருக்கிறது. எனினும் அதே தீர்ப்பு, ஒரு செயல் உரிமையியல் தவறாகவும் குற்றமாகவும் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதையும் மறுக்கவில்லை. மற்றப் பங்குதாரரின் கையெழுத்தைப் போலியாக இட்டு வங்கியில் கடன் வாங்கியதும், பொய்ப் பத்திரம் உருவாக்கிச் சொத்தை விற்றதும் குற்றமே. அங்கே ‘எனக்கும் உரிமை உண்டு’ என்ற வாதம் துணைக்கு வராது.

---
பெட்டிச் செய்தி: புகார் கொடுத்தால் என்ன நடக்கும்?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. நம்பிக்கை மோசடி அதன் 316ஆம் பிரிவு. பொதுவான வகைக்குத் தண்டனை 5 ஆண்டுகள் வரை. ஏமாற்றிச் சொத்தை ஒப்படைக்கச் செய்தல் 318(4)ஆம் பிரிவு. தண்டனை 7 ஆண்டுகள் வரை.

வணிகப் பூசல்களில் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வு அனுமதித்தது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதி பெற்று 14 நாட்களுக்குள் அத்தகைய விசாரணையை முடிக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3)ஆம் பிரிவு கூறுகிறது. காவல் நிலையத்தில் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது, புகார் வந்து சேர்ந்ததற்கான சான்று மட்டுமே. அது வழக்குப் பதிவு அன்று. காவல் துறை மறுத்தால் கண்காணிப்பாளருக்கு எழுதி, அதன் பின் உறுதிமொழிப் பத்திரத்துடன் குற்றவியல் நடுவரை அணுகலாம்.

---

பணத்தை மீட்கும் வழி: கணக்கு வழக்கு

குற்ற வழக்கு வெற்றி பெற்றாலும் அது தண்டனையில் முடியுமே அன்றி, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைத் தீர்த்து வைக்காது. அதைத் தீர்ப்பது நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குப் பார்க்கக் கோரும் உரிமையியல் வழக்கு. தொழிலுக்குக் கேடு விளைவிக்கும் நடத்தை, ஒப்பந்தத்தைத் தொடர்ந்து மீறுதல், கலைப்பதே நியாயம் என்று நீதிமன்றம் கருதும் வேறு காரணம் ஆகியவற்றின் அடிப்படையில் நிறுவனத்தைக் கலைக்கும் அதிகாரத்தைக் கூட்டாண்மைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குத் தருகிறது. கையாடியவரை நீக்கிவிட்டுத் தொழிலைத் தொடரலாமே என்று பலரும் கேட்பதுண்டு. பத்திரத்தில் அதற்கு வெளிப்படையான அதிகாரம் இருந்து, பெரும்பான்மையினர் நல்லெண்ணத்துடன் அதைப் பயன்படுத்தினால்தான் நீக்கம் செல்லும் என்பதால், இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இத்தகைய வழக்கில் நீதிமன்றம் முதலில் முதனிலைத் தீர்ப்பாணை வழங்கி, அவரவர் பங்கையும் கலைப்பு நாளையும் அறிவித்து, கணக்கு எடுக்க உத்தரவிடும். பெரும்பாலும் ஒரு ஆணையர் நியமிக்கப்பட்டு, ஏடுகளையும் வங்கிக் கணக்குகளையும் சரக்கு இருப்பையும் ஆராய்ந்து அறிக்கை தருவார். அதன்மீது இரு தரப்பின் ஆட்சேபணையையும் கேட்ட பின்பே இறுதித் தீர்ப்பாணை வரும். 48ஆம் பிரிவின்படி முதலில் வெளியார் கடன், அடுத்துப் பங்குதாரர்கள் முதலுக்கு மேல் கொடுத்த முன்பணம், பிறகு முதல், எஞ்சியது இலாப விகிதத்தில் என்ற வரிசையில் சொத்து பங்கிடப்படும். அதிகமாக எடுத்தவரின் கணக்கில் அந்தத் தொகை பற்றெழுதப்பட்டு, அவர் பங்கு குறைந்து, சில வேளைகளில் அவரே மற்றவருக்குப் பணம் கட்ட வேண்டிய நிலைக்கு வருவது இந்தக் கட்டத்தில்தான். இந்த வழி நீளமானது, களைப்பைத் தருவது. ஆனாலும் எடுத்த ஒவ்வொரு தொகைக்கும் விளக்கம் கேட்கும் இடம் இதுவே.

கூட்டாண்மை ஒப்பந்தங்களிலிருந்து எழும் பூசல்கள் 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தின்கீழ் வருவதால், மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் வணிக நீதிமன்றத்தையே நாட வேண்டும். அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படாத வழக்குகளில் முதலில் சமரசப் பேச்சு கட்டாயம் என்பதை 2022ஆம் ஆண்டு பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பணம் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும் நிலையில் தடையாணை கேட்பவர் நேரடியாக வழக்குத் தொடுக்கலாம். எதிர்த்தரப்பு சொத்தை மறைக்க முயல்வதைக் காட்ட முடிந்தால் தீர்ப்புக்கு முன்பே அதை முடக்கக் கோரலாம். நிறுவனத்தையே நீதிமன்றக் காப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கவும் கோரலாம். இந்தக் கடைசி வழியைச் சிந்தித்தே தேர வேண்டும், ஏனெனில் அன்றாட முடிவுகளால் உயிர்வாழும் ஓட்டலோ சாயப்பட்டறையோ காப்பாளரின் கையில் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பது அரிது.

---
பெட்டிச் செய்தி: பதிவு செய்யாத நிறுவனம் என்றால்?

நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. பதிவு செய்யாததன் விலையைக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு வசூலிக்கிறது. பதிவில்லாத நிறுவனத்தின் பங்குதாரர், தொழில் நடந்துகொண்டிருக்கும்போது ஒப்பந்த உரிமையை நிலைநாட்டச் சக பங்குதாரர்மீது வழக்குத் தொடர முடியாது. அப்படிப்பட்ட நிறுவனம் வெளியாரிடம் வர வேண்டிய பாக்கிக்காகவும் ஒப்பந்த அடிப்படையில் வழக்கிட இயலாது.

நிறுவனத்தைக் கலைக்கவும், கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்கவும், அதன் சொத்தை மீட்கவும் தடை இல்லை. மகாராஷ்டிரத்தில் இந்த வாசலையும் அடைத்திருந்த மாநிலத் திருத்தம் ஒன்றை 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது.

---

திருநெல்வேலி ஓட்டல் வழக்கு

பெரும்பாலான பங்குதாரர் பத்திரங்களின் கடைசிப் பக்கத்தில், பூசல் எழுந்தால் நடுவர் தீர்ப்புக்கு விட வேண்டும் என்ற ஒரு வரி இருக்கும். கையாடல் குற்றச்சாட்டு எழுந்த பிறகும் அந்த வரி கட்டுப்படுத்துமா என்ற கேள்வி, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்குகளாலேயே பெரிதும் தெளிவு பெற்றது. கணக்கில் மோசடி என்பது போன்ற கடுமையான குற்றச்சாட்டுகளை நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு மேஸ்ட்ரோ எஞ்சினியர்ஸ் என்ற பங்குதாரர் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கருதியது.

ஏழு ஆண்டுகளுக்குப் பின், திருநெல்வேலியில் ஓட்டல் ஒன்றைக் கூட்டாக நடத்திய சகோதரர்களின் வழக்கு அந்த நிலையை மாற்றியது. தந்தை மறைந்த பின் நிர்வாகத்தை ஏற்ற மூத்தவர், வசூலை முறையாக வங்கியில் செலுத்தவில்லை, கணக்கைக் காட்டவில்லை, பொதுக் கணக்கிலிருந்து 10 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட காசோலையைத் தம் மகனுக்குக் கொடுத்தார் என்பவை மற்றவர்களின் குற்றச்சாட்டுகள். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இதை நடுவரிடம் அனுப்ப மறுத்தன. 2016 அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம், மோசடி என்ற சொல்லை எழுதிவிடுவதாலேயே நடுவர் ஒப்பந்தம் செயலிழக்காது, இவை கணக்கைப் பார்த்தே தீர்க்கக்கூடிய உள்விவகாரங்கள் என்று கூறிப் பூசலை நடுவரிடம் அனுப்பியது. 2019லும் 2020லும் வந்த தீர்ப்புகள் இதை மேலும் உறுதிப்படுத்தின. மோசடி அந்த ஒப்பந்தத்தையே செல்லாததாக்கும் அளவு அடிவரை பரவியிருந்தாலோ, பொதுமக்களைப் பாதிப்பதாக இருந்தாலோ மட்டுமே நடுவர் வழி அடைபடும். ஆகவே பத்திரத்தில் அந்த வரி இருப்பவர், நீதிமன்றத்தில் வழக்கிட்டு அது திருப்பி அனுப்பப்படும்வரை காத்திருப்பதைவிட, அவசரத் தடையாணையை மட்டும் 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 9ஆம் பிரிவில் நீதிமன்றத்திடம் பெற்று, உடனே நடுவரை நாடுவதே அறிவுடைமை.

தவறு செய்யாதவர் மீது விழும் சுமை

கையாடலின் மிகக் கொடிய விளைவு இழந்த முதலோடு நிற்பதில்லை. நிறுவனத்தின் செயல்கள் ஒவ்வொன்றுக்கும் பங்குதாரர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பது கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. நூல் மில்லுக்குத் தர வேண்டிய பாக்கியை வொர்க்கிங் பார்ட்னர் கட்டாமல் பணத்தைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டாலும், மில்காரர் அந்தத் தொகை முழுவதையும் முதல் போட்ட பங்குதாரரிடமே கேட்கலாம். பங்கு நான்கில் ஒன்றுதான் என்று அவர் சொல்வது வெளியார்முன் செல்லாது. வாடிக்கையாளர் நிறுவனத்திடம் கொடுத்து வைத்த பணத்தை ஒரு பங்குதாரர் கையாடினாலும், அதை ஈடுகட்டும் பொறுப்பு நிறுவனத்துக்கே என்கிறது 27ஆம் பிரிவு.

வரியிலும் இதே நிலைதான். ஜிஎஸ்டி பாக்கிக்குப் பங்குதாரர் ஒவ்வொருவரும் கூட்டாகவும் தனித்தும் பொறுப்பு என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 90ஆம் பிரிவு சொல்வதோடு, விலகிய பங்குதாரர் அதை ஒரு மாதத்துக்குள் எழுத்துமூலம் துறைக்குத் தெரிவிக்காவிட்டால் தெரிவிக்கும் நாள்வரை அவர் பொறுப்பு நீளும் என்றும் கூறுகிறது. மனக்கசப்பில் கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டு, விலகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பின்னாளில் வரும் வரி நோட்டீஸ் இந்த விதியின் விளைவே. வங்கிக் கடனுக்குத் தம் வீட்டை அடமானம் வைத்தவரின் நிலை இன்னும் மோசம்: பணத்தை எடுத்தவர் வேறொருவராக இருந்தாலும், தவணை நின்றதும் ஏலத்துக்கு வருவது அவருடைய வீடு.

இதனால், சந்தேகம் உறுதியாகும் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: பணம் வெளியேறும் வாசலை மூடுவது. தனித்துக் கையெழுத்திடும் அதிகாரத்தைத் திரும்பப் பெற்று, இனி அனைவரின் கையெழுத்தும் வேண்டும் என்று பங்குதாரர் எழுதிக் கொடுத்தால், வங்கிகள் பொதுவாக அந்தக் கணக்கின் இயக்கத்தை நிறுத்தி வைக்கும். தொழிலாளரின் வாரக் கூலிக்குக்கூட அப்போது பணம் எடுக்க முடியாமல் போகலாம் என்பதால், கூலிக்கும் மின்கட்டணத்துக்கும் மட்டும் கூட்டுக் கையெழுத்தில் வழிவிடும் கடிதத்தைச் சேர்த்தே கொடுப்பது நல்லது. உட்பூசலுக்குத் தொடர்பில்லாத தையல் தொழிலாளரின் சனிக்கிழமைச் சம்பளம் அதில் சிக்கிக்கொள்ளக் கூடாது. பெரிய சரக்குதாரர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு பங்குதாரரின் அதிகாரம் குறைக்கப்பட்டதை அறியாத வெளியார் அவருடன் செய்த கொடுக்கல் வாங்கல் மற்றவர்களையும் கட்டுப்படுத்தும் என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. நிறுவனம் கலைந்த பின்பும், பொது அறிவிப்பு வெளியாகும்வரை அந்தப் பொறுப்பு தொடரும். பதிவு பெற்ற நிறுவனத்துக்குப் பொது அறிவிப்பு என்றால் பதிவாளருக்குத் தகவல், அரசிதழில் வெளியீடு, வட்டார மொழி நாளிதழ் ஒன்றில் விளம்பரம் ஆகிய மூன்றும் சேர்ந்தது.

---
பெட்டிச் செய்தி: எது சான்றாகும்?

கணக்கு ஏட்டில் உள்ள பதிவு ஏற்கத்தக்க சான்றுதான். ஆனால் அது மட்டும் ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி, 2023ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. வங்கி அறிக்கை, சரக்கு அனுப்பிய ரசீது, ஜிஎஸ்டி தாக்கல் விவரம் ஆகியவை அந்தப் பதிவோடு பொருந்த வேண்டும்.

வாட்ஸ்அப் உரையாடலையும் கணினிக் கணக்கையும் முன்வைக்க, புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழ் வேண்டும். கணக்கில் செய்த ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் காக்கும் மென்பொருளைப் பயன்படுத்தும் கட்டாயம் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு உண்டு. பங்குதாரர் நிறுவனங்களுக்கு அது இல்லை. ஆகவே சந்தேகம் வந்த அன்றே கணினிக் கணக்கின் நகலை எடுத்து வைப்பது அவசியம்.

---

இறந்த நாளிலிருந்து ஓடும் 3 ஆண்டுகள்

கலைந்த நிறுவனத்தின் கணக்கையும் இலாபப் பங்கையும் கேட்க, கலைந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே அவகாசம் என்று 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் கூறுகிறது. குறித்த கால எல்லை இல்லாத கூட்டு நிறுவனத்தைப் பங்குதாரர் ஒருவரின் எழுத்துமூல அறிவிப்பே கலைத்துவிடும் என்பதால், கோபத்தில் அனுப்பிய வக்கீல் நோட்டீஸில் ‘இன்றோடு கூட்டு முடிந்தது’ என்ற ஒரு வரி இருந்தாலே அந்த நாளிலிருந்து காலம் ஓடத் தொடங்கிவிடக்கூடும். அதன் பின் நடக்கும் ஊர்ப் பேச்சுவார்த்தைகளும் காவல் நிலைய விசாரணைகளும் அந்த ஓட்டத்தை நிறுத்துவதில்லை.

இந்த விதி மிகக் கடுமையாகத் தாக்குவது பங்குதாரர்களின் குடும்பங்களைத்தான். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பங்குதாரர் ஒருவரின் மரணம் நிறுவனத்தைக் கலைத்துவிடுகிறது. இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் வேறு ஒப்பந்தம் இருந்தாலும் பயனில்லை என்று சேத் கோவிந்த்ராம் சுகர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. முதல் போட்டவர் இறந்த பின், உயிரோடுள்ள கூட்டாளி மாதந்தோறும் வீட்டுக்கு ஏதோ ஒரு தொகையைக் கொடுத்துவர, கம்பெனி வழக்கம்போல் நடக்கிறது என்று மனைவியும் பிள்ளைகளும் நம்பியிருக்க, சட்டத்தின் கண்ணில் அந்த நிறுவனம் இறப்பு நாளிலேயே கலைந்துபோயிருக்கும். நான்காம் ஆண்டில் தொகை நிற்கும்போது கணக்குக் கேட்டு வழக்கிட வருபவர்களிடம் காலம் கடந்துவிட்டது என்ற எதிர்வாதமே முதலில் வைக்கப்படுகிறது. மோசடியால் உண்மை மறைக்கப்பட்டிருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்தே காலத்தைக் கணக்கிடக் காலவரையறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் மறைத்தது யார், எப்போது, எப்படி என்பதை நிலைநாட்டும் பொறுப்பு, பத்திரத்தின் நகலைக்கூட அதுவரை பார்த்திராத அந்தக் குடும்பத்தின் மீதே விழுகிறது.